கிட்டாருக்குச் சுற்றிய சணல்

எனக்குக் கை சும்மா இருக்காது. ஆடுகிற கதவுப் பிடி, ஒழுகுகிற குழாய், கழன்று வரும் குக்கர் மூடி, எதைப் பார்த்தாலும் விரல் துறுதுறுக்கும். முறுக்கி, இறுக்கி, ஒரு வழி பண்ணினால்தான் சோறு இறங்கும். இந்த வியாதியைப் பற்றி என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அதன் பலனை ஒரு முகூர்த்த நாள் காலை ஒன்பது மணிக்கு அனுபவித்தேன்.

அன்று சாயந்திரம் வேடசந்தூர் ரோட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. அந்த மேடையில் அவர் ஒரே ஒரு பாட்டுக்குக் கிட்டார் வாசிக்க வேண்டும். ஒரு பாட்டுதானே என்று யாரும் இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். பகலில் நூல் மில்லில் ஃபிட்டர், சாயந்திரமானால் மேடையில் கிட்டார் என்று பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த மனுஷன் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மில்லில் மெஷினுக்குள் வலது கை போய்விட்டது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போயின.

ஒரு வருஷம் கிட்டார் பீரோவின் மேல் கிடந்தது. நான் தூசி தட்டுவேன், அவர் பார்க்காத மாதிரி இருப்பார். பிறகு ஒரு மழை நாளில் அவரே ஸ்டூல் போட்டு இறக்கினார். அந்தச் சிவப்புக் கிட்டாரில், தந்திகள் வந்து முடிகிற உலோகப் பாலத்தின் பக்கத்தில் ஒரு ஓட்டை உண்டு. அதில் வளைந்த எஃகுக் கம்பி ஒன்றைத் திருகி மாட்டுவார்கள். அதை அழுத்தினால் வாசித்த சுரம் அப்படியே கீழே இறங்கும், விட்டால் ஏறும், லேசாக ஆட்டினால் நடுங்கும். டிரெமலோ ஆர்ம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கைப்பிடி என்று பெயர்.

முன்பெல்லாம் அவர் அதை அபூர்வமாகத்தான் தொடுவார். இப்போது அதுதான் எல்லாம் என்று ஆகிவிட்டது. பெருவிரலால் தந்தியைத் தட்டிவிட்டு, சுண்டுவிரலைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டால்தான் கை மிதக்காமல் ஓரிடத்தில் நிற்கும். கைப்பிடி இல்லையென்றால் கை வழுக்கிக்கொண்டு போய்விடும். எட்டு மாதம் தினமும் காலையில் உட்கார்ந்து, அழுகிற மாதிரி இருந்த சத்தத்தைப் பாட்டாக மாற்றினார். அவர் முன்பு வாசித்த பாட்டுக் குழுவை நடத்துகிறவர் பழைய சினேகிதர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, "ஒரு பாட்டு வாசிங்க மாப்ள. மேடையில நல்லா வந்துச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துல இருந்து முழுசாச் சேந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றப் பாட்டுகளுக்கு வேறொரு கிட்டார்காரரை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது இதுதான்: "அன்னைக்கு வாசிப்பு நல்லா வரலைன்னு வையி, இந்தக் கிட்டார யாருக்காச்சும் குடுத்துருவோம். வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க என்னால ஏலாது."

இப்போது என் கைக்கு வருகிறேன். அந்தக் கைப்பிடியை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பையில் நுழையாது. அவரோ பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து அதைத் திருகுவார். வழுக்கும். விழும். கட்டிலுக்கடியில் உருளும். குனிந்து எடுத்து மறுபடி ஆரம்பிப்பார். சில நாள் பத்து நிமிஷம் ஆகும். இடது கையாலாவது மாட்டலாமே, அதுவும் மாட்டார். நான் எடுத்துக் கொடுக்கப் போனால், "வை அத" என்று ஒரே சொல். பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்காது. வீட்டில் விழுந்தால் சரி, ஐந்நூறு பேர் முன்னால் மேடையில் விழுந்தால் என்ன ஆவது? அதுவும் போக, மாட்டின பிறகும் அது லொடலொடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்.

அன்று காலை எட்டரைக்கு அவர் ஸ்பீக்கர் இறக்க மண்டபத்துக்குக் கிளம்பினார். நாலு மணிக்கு வந்து குளித்துவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் நான் கிட்டாரை மடியில் வைத்துவிட்டேன்.

நான் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரி. தோட்டத்தில் போர் மோட்டாருக்குக் குழாய் இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவள். குழாய் நுனியில் திருகுவதற்கு வெட்டியிருக்கும் மரையில் சணல் சுற்றி, வெள்ளைப் பசை தடவி, ரெஞ்ச் போட்டு இறுக்குவார்கள். இறுகிவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னும் ஒரு அரைச் சுற்று. எங்கள் அப்பா அந்த அரைச் சுற்று இல்லாமல் எந்தக் குழாயையும் விட்டதில்லை. அறுநூறு அடி ஆழத்தில் தொங்குகிற மோட்டார் கழன்று விழாமல் இருப்பது அதனால்தான். வீட்டுக் குழாய் வேலைக்கு வாங்கின சணலும் பசையும் என்னிடம் இருந்தன. கைப்பிடியின் மரையில் நாலு சுற்றுச் சணல் சுற்றினேன், பசை தடவினேன், முறுக்கினேன். அருமையாகப் பிடித்தது. ஒரு ஆட்டம் இல்லை. பழைய துணியைச் சுற்றிக் கட்டிங் பிளையரால் பிடித்து, அப்பாவின் அரைச் சுற்றையும் போட்டேன்.

டக் என்றது.

கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மரை இருந்த அடித்துண்டு ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. விளிம்புக்குச் சமமாக முறிந்திருந்தது, நகத்தால் பிடிக்கக்கூட ஒன்றும் வெளியே இல்லை. ஐயையோ என்று வாய் விட்டுக் கத்தினேன். கிட்டாரைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், சணலைத் திட்டினேன். கடைசியாக என்னையே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன். எட்டு மாதம் அந்த மனுஷன் பட்ட பாட்டை ஒரு நிமிஷத்தில் முறித்துப் போட்டேனே, பாவி.

டவுனில் வாத்தியக் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பாலத்துக்கு அடியில இருக்குற கட்டியவே மாத்தணும்மா. மெட்ராஸ்ல இருந்து வரணும், நாலு நாளாகும்" என்றார். நாலு நாள்! எனக்கு ஏழு மணி நேரம்கூட இல்லை.

அடுத்த போன் என் அண்ணனுக்கு. அண்ணனுக்குத் தொழிலே போர் மோட்டார் தூக்குவது. பழுதான மோட்டாரை வெளியே எடுப்பான். கழன்று உள்ளே விழுந்ததையும் தூண்டில் போடுகிற மாதிரி ஏதேதோ கருவி இறக்கி மீன் பிடிப்பது போலப் பிடித்து எடுத்துவிடுவான். முறிந்து உள்ளே நின்றதை எடுக்க அவனை விட்டால் எனக்கு வேறு யாரைத் தெரியும்?

"அண்ணா, எங்க இருக்கற?"

"எரியோட்டுப் பக்கம் தோட்டத்துல இருக்கறேன் அம்மிணி. மோட்டார் தூக்கிட்டிருக்கறம். ஏன், அழுகுறயா?"

"அழுகல. நான் அங்க வாரேன். எங்கயும் போயிராத."

கிட்டாரைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். முகூர்த்த நாள் கூட்டம். நிற்கவே இடமில்லை, இதில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நான். பக்கத்தில் பட்டுச் சேலை கட்டின அம்மா, "வீணையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலைமையில் நான் இல்லை.

எரியோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனபோது மணி பதினொன்று. முருங்கைத் தோப்பு நடுவில் மூன்று கால் நட்டு, செயின் போட்டு, குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான், கையில் இருந்ததைப் பார்த்தான், தலையை மட்டும் ஆட்டினான். குழாய் பாதியில் தொங்கும்போது அவனால் நகர முடியாது. நகர்ந்தால் மொத்தமும் உள்ளே போய்விடும். எனக்கு அது தெரியும், ஆனாலும் கோபம் வந்தது.

"இன்னும் எத்தன குழாய்ணா?"

"பதினாலு."

தோட்டத்துக்கார அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "செத்த நேரம் நெழல்ல உக்காரு தாயி. இன்னும் அம்புட்டுக் குழாய் கெடக்குல்ல, ஒரேயடியா வந்துருமா?" என்றார். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழாயும் மேலே வந்ததும் இரண்டு பெரிய ரெஞ்சைப் போட்டு இணைப்பை உடைப்பார்கள். கிறீச்சென்ற சத்தத்தோடு பிடி விடும். மரையிலிருந்து கறுத்துப்போன சணல் தும்பு தும்பாக உரிந்து விழும். நான் காலையில் சுற்றியதும் அதே சணல்தான். பதினாலு குழாய்க்கும் ஒண்ணேகால் மணி நேரம் ஆயிற்று.

மோட்டார் வெளியே வந்ததும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவர்களுடைய சாமான் வண்டியின் பின் கதவை இறக்கி, அதன்மேல் விரிப்பைப் போட்டுக் கிட்டாரை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சணல் என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"கிட்டாருக்கா சணலு சுத்துன?"

"ஆமா, சுத்துனேன். சிரிக்கறதுன்னா அப்புறமாச் சிரி."

அவன் சிரிக்கவில்லை. குனிந்து விரல் நுனியால் ஓட்டையைத் தடவினான். "பச இன்னும் காயல. அது ஒரு நல்ல காலம். சாயந்தரம் ஆச்சுன்னா கல்லாட்டம் புடிச்சுக்கும்" என்றான். ஆக, எனக்கு மட்டும் நேரம் ஓடிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே பசைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

தந்திகளைத் தளர்த்தி எடுத்தோம். கிட்டாரின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதைக் கழற்றினால் உள்ளே மூன்று ஸ்பிரிங். எது எங்கே இருந்தது என்று ஒவ்வொரு அடியையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பாலத்தை எடுத்தால், அதன் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு உலோகக் கட்டி தொங்குகிறது. கைப்பிடியின் மரை போய் உட்காருவது அந்தக் கட்டிக்குள்தான். பாலத்திலிருந்து அதைப் பிரித்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தான். "இத்துனூண்டு" என்றான். அறுநூறு அடியில் வேலை செய்கிற ஆளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். எனக்கு வேடிக்கையாக இல்லை.

முதலில் கூர்மையான உளியை வைத்து, முறிந்த துண்டின் ஓரத்தில் மெல்லத் தட்டித் திருப்பப் பார்த்தான். உளி வழுக்கியதுதான் மிச்சம். பிறகு பேட்டரி டிரில்லை எடுத்தான். அதில் சின்ன பிட்டைப் போட்டு, துண்டின் நடுவில் துளை போட்டு, அதற்குள் ஏதாவது ஒன்றை இறுக்கித் திருகி வெளியே எடுத்துவிடலாம் என்று கணக்கு. நான் கட்டியை மரப் பலகையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். டிரில் ஓடியது. பிட்டு கொஞ்சம் சறுக்கியது, பிறகு கவ்வியது.

கவ்விய வேகத்தில் துண்டும் சேர்ந்து சுற்றியது. வெளியே வரவில்லை, உள்ளே இறங்கியது.

"நிறுத்துண்ணா! நிறுத்து! உள்ள போகுது!"

நிறுத்தினான். அதற்குள் துண்டு ஒரு நெல்லளவு கீழே போய்விட்டது. விளிம்போடு இருந்தது இப்போது கிணற்றுக்குள் கிடந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டிரில்லைக் கீழே வைத்தான். அவன் அப்படி வைக்கிற விதம் எனக்குத் தெரியும். தோட்டத்துக்காரர்களிடம் கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் ரெஞ்சை அப்படித்தான் வைப்பான்.

"அம்மிணி, இது எறங்கிருச்சு. எங்க தொழில்லயும் சிலது இப்படி ஆயிரும். அப்ப உள்ளயே உட்டுட்டு, வேற போர் போடச் சொல்லிருவம்."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. "வேற போர் போடலாம்ணா. அவருக்கு வேற கை போட முடியுமா?" என்று கத்திவிட்டேன். தோப்பில் குழாய் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டத்துக்கார அம்மா பாதி வழியில் மோர்ச் சொம்போடு நின்றுவிட்டார். அண்ணன் மோட்டார் மேலே இருந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மேல் என்ன தப்பு? முறித்தது நான்.

கட்டியை எடுத்துக்கொண்டு வண்டி நிழலில் தரையிலேயே உட்கார்ந்தேன். அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கை சும்மா இருக்காதே. அப்போதுதான் ஒன்று உறைத்தது. டிரில் பட்டதும் அது சுற்றியதே! இறுகிப்போய் நின்றது என்றல்லவா நினைத்தோம்? பசை ஈரமாக இருப்பதால் அது வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. போன திசைதான் தப்பு.

அண்ணனின் டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டையும் நட்டையும் எடுத்தேன். நட்டுக்குள் போல்ட்டைப் பாதி திருகிவிட்டு, மேலேயிருந்து பார்த்து வலப்பக்கமாகத் திருப்பினேன். உள்ளே இறங்கியது. அப்படியே தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கம் எட்டிப் பார்த்த போல்ட் நுனியை அதே வலப்பக்கமாகத் திருப்பினேன். போல்ட் வந்த வழியே திரும்பிப் போனது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் போனது.

"அண்ணா, அடியில இருந்து டிரில் போடு."

"அடியில ஓட்டை ஏது? கட்டி மூடியல்ல இருக்குது."

"ஓட்டை போடு. அதுவழியா அடியில இருந்து டிரில்ல உட்டா, அது சுத்துற சுத்துக்கு இது மேல ஏறி வெளிய வந்துரும். இங்க பாரு." நட்டையும் போல்ட்டையும் காட்டினேன். அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"போருக்குள்ள இந்த பாக்கியம் எங்களுக்குக் கெடையாது அம்மிணி. அடியில போயி யாரு நிக்கறது?" என்றான். பிறகு உடனே அடுத்த பயத்தைச் சொன்னான். அடியிலிருந்து போடும் துளை மேலே இருக்கும் ஓட்டைக்கு நேராகப் போக வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பிட்டு பக்கச் சுவரைத் தின்றுவிடும், மரை போய்விடும், அப்புறம் அது வெறும் எடைக்குப் போடுகிற கட்டிதான்.

மேலே ஓட்டையின் நடு எங்கே இருக்கிறது என்று நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தேன். அதே அளவைக் கட்டியின் அடியில் குறித்தேன். குறிக்கப் பென்சில் இல்லை, கைப்பையில் கண்மை பென்சில்தான் இருந்தது. அண்ணன் அளந்து பார்த்தான், நான் மறுபடி அளந்தேன், அவன் மறுபடி. புள்ளியில் ஆணியை வைத்து ஒரே தட்டு தட்டிப் பள்ளம் செய்தான். மணி ஒண்ணரை. டிரில்லில் பேட்டரி விளக்கு ஒன்றே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மாற்றுப் பேட்டரி தொப்பம்பட்டியில் சார்ஜில் இருந்தது.

"புடிச்சுக்கோ. ஆட்டாத."

பிடித்துக்கொண்டேன். என் கை நடுங்கினால் முடிந்தது கதை என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். உலோகத் தூள் சுருள் சுருளாக வந்து என் விரல் மேல் விழுந்தது, சுட்டது, நகர்த்தவில்லை. கொஞ்சம் போட்டு நிறுத்துவான், ஊதுவான், பக்கவாட்டில் பார்ப்பான், மறுபடி போடுவான். திடீரென்று சத்தம் மாறியது. மொரமொரவென்று இருந்தது கீச்சென்றது. பிட்டு எதையோ தொட்டுவிட்டது. கட்டியின் சுவரையா, முறிந்த துண்டையா? இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கட்டி மெதுவான ஒலோகம். இது எஃகு சத்தம்" என்றான். "துண்டுதான்."

அழுத்தினான். டிரில் முக்கியது. கட்டியைப் பக்கவாட்டில் பிடித்திருந்ததால் மேல் ஓட்டை எனக்கு நேராகத் தெரிந்தது. இருட்டுக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பசை! "வருதுண்ணா, வருது!" என்று நான் கத்தவும் டிரில் ஈனஸ்வரத்தில் முனகி நிற்கவும் சரியாக இருந்தது. பேட்டரி செத்துவிட்டது. அட சனியனே!

அண்ணன் அவசரப்படவில்லை. டிரில்லின் வாயைத் தளர்த்தி, பிட்டை மட்டும் துளைக்குள்ளேயே விட்டுவிட்டு டிரில்லை எடுத்தான். பிட்டின் வால் பக்கத்தைப் பிளையரால் பிடித்து, வலப்பக்கமாக, ஒரு நேரத்தில் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை, திருப்பிக்கொண்டே போனான். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் துண்டு மயிரிழை மயிரிழையாக ஏறியது. விளிம்புக்கு வந்தது. விளிம்பைத் தாண்டியது. நான் மூக்குப்பிளையரால் அதன் தலையைப் பிடித்துத் திருகினேன். சணல் வாலோடு வெளியே வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு கொண்டைக்கடலை அளவுகூட இல்லை. இதற்கா இவ்வளவு பாடு என்று அதை ஓங்கி எறியப் போனேன். அண்ணன் கையைப் பிடித்து வாங்கி வைத்துக்கொண்டான். மரை எந்த அளவு என்று பார்க்க அது வேண்டும்.

கட்டிக்குள் மரை பழுதில்லாமல் இருந்தது. துண்டை அளந்து பார்த்தான், மோட்டார் போல்ட்டில் வருகிற சாதாரண ஆறு எம்.எம். மரைதான். வண்டியில் அந்த மரையை வெட்டுகிற டை என்ற கருவி இருந்தது. முறிந்த கைப்பிடியின் நுனியைத் தேய்த்துச் சமமாக்கி, டையை வைத்துப் புது மரை வெட்டினான். கைப்பிடி ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. போனில் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். ஸ்பிரிங் இழுத்து மாட்டுவதற்குள் என் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. கடைசியில் அண்ணன் கைப்பிடியைத் திருகி உட்கார வைத்து, "சணலு வேணுமா?" என்று கேட்டான். நான் முறைத்த முறைப்பில் அப்போதுதான் சிரித்தான். தோட்டத்துக்கார அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கூட வேலை பார்க்கிற ஒருவரின் பைக்கை அண்ணன் வாங்கி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன்.

வீட்டு வாசலில் அண்ணன் என்னை இறக்கிவிட்டுப் போனபோது மூணேமுக்கால். கதவு திறந்திருந்தது. அவர் முன்னாலேயே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் காலிக் கிட்டார் பை.

ஒன்றையும் மறைக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே சணல் முதல் மோர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிட்டாரை வாங்கி விரிப்பைப் பிரித்தார். சுண்டுவிரலைக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தார்.

"குட்டையாயிருச்சே."

"ஆமாங்க."

"எதுக்கு அத முறுக்குன?"

"மேடையில கீழ விழுந்துரக் கூடாதுன்னுதாங்க. எல்லார் முன்னாடியும் நீங்க குனிஞ்சு தேடறத என்னால பாக்க முடியாது."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும். வலது கையைத் தூக்கி என் முன்னால் காட்டினார். மூன்று விரல் இல்லாத அந்தக் கையை அவர் அதுவரை யார் முன்னாலும் அப்படி நீட்டியதில்லை, என் முன்னாலும்.

"இங்கேரு. இந்த ரெண்டு வெரலும் எனக்கு மிச்சம். இது நான் சொன்னா இன்னும் கேக்குதான்னு தெனமும் காலையில நான் பாக்குறது அத மாட்டுறதுலதான். மொத நாளு ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் அர மணி நேரம். இப்பப் பத்து நிமிசம். வாசிக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறந்தான். நீ அத நெரந்தரமா மாட்டி வச்சுட்டா நான் எதத் தொட்டுப் பாக்குறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதம் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் வழுக்குவதையும் விழுவதையும் மட்டும்தான். அவமானமாக இருந்தது, அந்த அவமானமே கோபமாக வந்தது. "இத வாயத் தொறந்து சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்றேன்.

"நீ கேட்டியா?" என்றார்.

அண்ணன் திருகி வைத்திருந்த கைப்பிடியை அவரே மெல்லக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தந்திகளைச் சுருதி சேர்க்க உட்கார்ந்தார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

மண்டபத்தில் ஆறரைக்குக் கூட்டம் நிரம்பிவிட்டது. நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். நாலு பாட்டு போனது. ஐந்தாவதுக்குக் குழுவை நடத்துகிறவர் மைக்கில் ஏதோ சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார். இவர் கிட்டாரை மாட்டிக்கொண்டு வந்து நடுவில் நின்று, சட்டைப் பையிலிருந்து கைப்பிடியை எடுத்தார். பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பிடித்தார். புது மரை, புது நீளம். அந்தக் கை அதை இன்னும் ஒரு தடவைகூட மாட்டிப் பழகவில்லை.

விழுந்தது. மேடைப் பலகையில் டணாரென்று விழுந்து, மைக் வயரைத் தாண்டி உருண்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மற்றக் கிட்டார்காரர் எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். இவர் வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு, தானே குனிந்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. இரண்டு எட்டில் மேடை. ஓடிப் போய் எடுத்து, ஒரு நொடியில் மாட்டிவிட்டு வந்துவிடலாம். என் கைக்கு அது ஒரு வேலையா? உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாவது தடவையும் வழுக்கியது, ஆனால் விழவில்லை. மூன்றாவது தடவை மரை பிடித்தது. நான் சுற்றுகளை எண்ணினேன். ஒன்று. நிறுத்தி, விரலை மாற்றிப் பிடித்து, இரண்டு. டிரம்ஸ்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து. ஆறு. அவர் யாரையும் பார்க்கவில்லை. எட்டாவது சுற்றில் கைப்பிடி நின்றது. அதற்கு மேல் அவர் முறுக்கவில்லை.

பெருவிரல் தந்தியைத் தட்டியது. சுண்டுவிரல் குட்டைக் கைப்பிடியைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தியது. சுரம் இறங்கி, நடுங்கி, ஏறியது. பாட்டு முழுக்க அந்தக் கை இடம் விட்டு வழுக்கவில்லை. முடிந்ததும் மண்டபமே கைதட்டியது. அப்போதுதான் என் கைகளை வெளியே எடுத்தேன். இரண்டும் மரத்துப்போயிருந்தன, தட்டவே முடியவில்லை.